இமைமயிரும் இஸ்மிதும்: பூசும் மருந்துகளின் பயனும் பாதுகாப்பும்

உம்மாவுக்கு வலது கண்ணில் குளோக்கோமா. கண்ணின் உள்ளழுத்தம் கூடி, பார்வை நரம்பை மெல்ல மெல்லச் சிதைக்கும் நோய் அது. கிளினிக்கில் லட்டனோபுரொஸ்ட் என்ற துளி மருந்தைக் கொடுத்து, "இரவில் ஒரு துளி, வலது கண்ணுக்கு மட்டும்" என்று எழுதி விட்டிருந்தார்கள். நாலைந்து மாதம் போயிருக்கும். ஒரு நாள் லுஹர் தொழுதுவிட்டு முற்றத்துக் கதிரையில் இருந்த உம்மாவின் முகத்தை வெயில் வெளிச்சத்தில் பார்த்தேன். வலது கண்ணின் இமைமயிர் நீண்டு, கறுத்து, குமர்ப்பிள்ளையின் இமைபோல வளைந்து நின்றது. இடது கண்ணில் எழுபது வயதுக்குரிய நரைத்த நாலு மயிர்.

"சுர்மாட பறக்கத்து மகள்" என்றார் உம்மா. உம்றாவுக்குப் போய்வந்த உறவுக்காரர் ஒருவர் கொடுத்த சுர்மாவை வெள்ளிக்கிழமை தோறும் இட்டுக்கொள்வார்.

"ரெண்டு கண்ணுக்கும்தானே போடுறீங்க உம்மா? மயிர் ஏன் ஒரு கண்ணில மட்டும் வளர்ந்தது?"

உம்மாவிடம் பதில் இல்லை. எனக்கும் அப்போது விளங்கவில்லை. விளங்கிக்கொண்டவள் ராத்தாவின் மகள். அவளுக்கு நிக்காஹ் நிச்சயமாகியிருந்த நேரம். போத்தலில் இருந்த பெயரைப் போனில் தேடிப் பார்த்திருக்கிறாள். அதன் பிறகு ஒவ்வோர் இரவும், உம்மா உறங்கியபின், பழைய மஸ்காரா பிரஷ்ஷில் அந்த மருந்தைத் தோய்த்து இரண்டு இமைக்கும் பூசியிருக்கிறாள். போத்தல் நேரத்துக்கு முன்னமே முடியத் தொடங்கியது. அடுத்த கிளினிக் திகதி தூரத்தில். யாரையும் அலைக்கழிக்க விரும்பாத உம்மா, ஒன்றுவிட்ட ஒரு நாளாகத் துளி விட்டிருக்கிறார். அடுத்த கிளினிக்கில் கண் அழுத்தம் கூடியிருந்தது. அப்போதுதான் எல்லாம் வெளியே வந்தது.

"சாச்சி, மயிர் வளர்றதுக்கு இதை விக்கிறாங்க. நான் படிச்சிட்டுத்தான் போட்டேன்" என்று அழுதாள் பிள்ளை. அவள் படித்தது பொய்யல்ல. பாதி உண்மை. மீதிப் பாதியை நான் தேடிப் படித்தேன். எங்கள் பெண்பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் பயன்படலாம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

இமைமயிர் எதற்கு?

தமிழில் இமை என்றால் கண்ணை மூடும் தோலும் அதுதான், அதன் ஓரத்து மயிரும் அதுதான், மூடித் திறக்கும் செயலும் அதுதான். மாத்திரைக்கு அளவு சொல்ல வந்த தொல்காப்பியர் கண் இமைக்கும் நேரத்தை அளவாக எடுத்துக்கொண்டார். இந்தக் கட்டுரையில் மயிரை மட்டும் குறிக்க இமைமயிர் என்றே எழுதுகிறேன்.

மேலிமையில் ஏறத்தாழ 90 முதல் 150 வரை மயிர்கள் இருக்கும். கீழிமையில் 70 முதல் 80 வரை. தலைமயிர் ஆண்டுக்கணக்கில் வளரும். இமைமயிரோ ஓரிரண்டு மாதம் மட்டும் வளர்ந்து, பிறகு வளர்ச்சி நின்று, சில மாதம் இருந்து உதிரும். அதே குழியில் புதிது முளைக்கும். அதனால்தான் இமைமயிர் ஒரு சென்ரிமீற்றர் அளவோடு நின்றுவிடுகிறது. குழந்தை முகம் கழுவும்போது ஒன்றிரண்டு உதிர்ந்தால் பயப்பட ஒன்றுமில்லை.

நீளம் கூடினால் கண்ணுக்கு நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவின் ஜோர்ஜியா தொழினுட்ப நிறுவனத்தார் 22 வகைப் பாலூட்டி விலங்குகளின் இமைமயிரை அளந்து, காற்றுக் குழாயில் மாதிரி வைத்தும் பார்த்து, 2015 இல் முடிவை வெளியிட்டார்கள். கண்ணின் அகலத்தில் மூன்றிலொரு பங்கு நீளமே பொருத்தமான நீளம். அந்த அளவில் இமைமயிர் காற்றை விலக்கித் தூசியையும் கண்ணீர் உலர்வதையும் குறைக்கிறது. அதைவிட நீண்டால் காற்றைக் கண்ணுக்குள் வாரி இழுக்கத் தொடங்குகிறது. சோளகம் வீசும் நாளில் மணற்காட்டுப் பக்கம் போய் வந்தவர்களுக்கு இந்தக் கணக்கு விளங்கும். படைத்தவன் அளந்துதான் வைத்திருக்கிறான்.

பக்கவிளைவில் பிறந்த மருந்து

லட்டனோபுரொஸ்ட் 1996 இல் அமெரிக்காவில் குளோக்கோமாவுக்கு அனுமதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, 1997 இல், மரே ஜோன்ஸ்ரன் என்ற கண் மருத்துவர் ஒரு விசித்திரத்தை எழுதினார். ஒரு கண்ணுக்கு மட்டும் இந்த மருந்து விட்ட 43 நோயாளிகளை அவர் கவனித்தார். மருந்து விட்ட பக்கத்து இமைமயிர் நீண்டு, தடித்து, கறுத்து, எண்ணிக்கையிலும் கூடியிருந்தது. மருந்து விடாத கண் அப்படியே இருந்தது. எங்கள் முற்றத்தில் நான் கண்டதும் இதேதான். இரண்டு கண்ணும் ஒரே முகத்தில், ஒரே வயதில், ஒரே சாப்பாட்டில். வித்தியாசம் அந்தத் துளி ஒன்றுதான். இதைவிடத் தெளிவான ஒப்பீடு கிடைப்பது அரிது.

இந்த மருந்துகள் புரொஸ்டகிளாண்டின் என்ற உடற்பொருளைப் போலச் செய்யப்பட்டவை. இமைமயிரின் வளரும் பருவத்தை நீட்டுவதே இவற்றின் வேலை. ஓய்ந்திருக்கும் மயிர்க்குழிகளையும் எழுப்பி வளரும் பருவத்துக்குக் கொண்டுவருகின்றன. மயிர் கறுப்பதற்குக் காரணம் நிறமிச் சுரப்புக் கூடுவது.

இதே குடும்பத்தைச் சேர்ந்த பிமட்டோபுரொஸ்ட் என்ற குளோக்கோமா மருந்தை அலர்கன் நிறுவனம் இமைமயிருக்கென்று தனியாகப் பரிசோதித்தது. 2008 டிசெம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதை 'லட்டிஸ்' என்ற பெயரில், 0.03 சதவீதக் கரைசலாக, மருத்துவர் சீட்டோடு விற்க அனுமதித்தது. இமைமயிர் குறைவாக உள்ளவர்களுக்கு அந்த நிர்வாகம் அனுமதித்த முதல் மருந்து அதுதான்.

பயன் எவ்வளவு?

அந்த அனுமதிக்கு அடிப்படையான பரிசோதனையில் 278 பேர் பங்குபற்றினார்கள். 137 பேருக்கு மருந்து. 141 பேருக்கு மருந்தில்லாத வெறுங்கரைசல். யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, பார்க்கும் மருத்துவருக்கும் தெரியாது. 16 கிழமை மேலிமை ஓரத்தில் இரவில் பூசினார்கள். மருந்து பூசியவர்களில் 78 சதவீதமானோருக்கு முன்னேற்றம் தெரிந்தது. சராசரி நீளம் 1.4 மில்லிமீற்றர் கூடியது. வெறுங்கரைசல் பூசியவர்களுக்கு 0.1 மில்லிமீற்றர்.

இங்கே கவனிக்க வேண்டிய இன்னோர் எண் இருக்கிறது. ஒன்றுமே இல்லாத கரைசலைப் பூசியவர்களிலும் 18 சதவீதமானோருக்கு முன்னேற்றம் தெரிந்ததாகவே பதிவானது. பார்ப்பவர் கண்ணும் ஆசையும், இமைமயிர் தானாக மாறி மாறி வளர்வதும் சேர்ந்து செய்யும் வேலை அது. "நான் பூசினேன், வளர்ந்தது" என்று ஐந்து பேர் சொன்னால் அது ஏன் சான்றாகாது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் வேண்டியதில்லை.

பயன் தெரிய ஏறத்தாழ இரண்டு மாதமாகும். முழுப் பயனுக்கு நான்கு மாதம். நிறுத்தினால் சில கிழமைகளிலிருந்து சில மாதங்களுக்குள் பழைய நிலைக்குத் திரும்பும். நிக்காஹ் நாளுக்கு அழகாக இருக்க வேண்டுமென்று தொடங்குபவர், அதற்குப் பிறகும் பூசிக்கொண்டே இருக்க வேண்டும், அல்லது இழக்க வேண்டும்.

புற்றுநோய்ச் சிகிச்சையில் இமைமயிரை இழந்தவர்களிலும் இந்த மருந்து பரிசோதிக்கப்பட்டுப் பயன் தந்திருக்கிறது. ஆகவே இதை வெறும் அலங்காரம் என்று தள்ளிவிடவும் முடியாது. கண்ணாடியில் தன் முகத்தையே அடையாளம் காண முடியாமல் நிற்கும் ஒரு பெண்ணுக்கு இது மருந்துதான்.

கொடுக்கும் விலை

அந்தப் பரிசோதனையில் நூற்றுக்கு நான்கு பேர் அளவில் கண் சிவப்பும் அரிப்பும் வந்தன. அவை நிறுத்தினால் தீருபவை. வேறு மூன்று விளைவுகளைக் குமர்ப்பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, இமைத்தோல் கறுப்பது. பூசும் இடத்தில் பழுப்பு நிறம் படியும். நிறுத்தினால் பெரும்பாலும் மெல்லக் குறையும். அழகுக்காகப் பூசியவர் கண்ணைச் சுற்றிக் கறுப்பு வளையத்தோடு நிற்க நேரலாம். மருந்து வழிந்து பட்ட கன்னத்தில் பூனைமயிர் வளர்வதும் உண்டு.

இரண்டாவது, கண் குழிவது. இந்த வகை மருந்துகள் கண்ணைச் சுற்றியுள்ள கொழுப்பைக் கரைத்து, மேலிமை உள்வாங்கி, கண் பள்ளத்தில் இருப்பதுபோல ஆக்கக்கூடும். நீண்ட காலம் துளி விடும் குளோக்கோமா நோயாளரில் கண் மருத்துவர்கள் இதை நன்கு அறிவார்கள். உம்மாவின் வலது கண் சற்றுக் குழிந்திருந்ததை நாங்கள் வயதின் கோலம் என்று எண்ணியிருந்தோம்.

மூன்றாவது, கருவிழியைச் சூழ்ந்த நிறப்பகுதி பழுப்பாவது. இது வந்தால் திரும்பிப் போகாது. எங்களுடைய பழுப்புக் கண்ணில் அது அவ்வளவாகத் தெரியாது. வெளிர்நிறக் கண்ணுடையவருக்குத் தெரியும்.

கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் இதைத் தொடக்கூடாது. ஏற்கெனவே குளோக்கோமாவுக்குத் துளி விடுபவர் இமைக்கும் இதே வகையைப் பூசினால், கண் அழுத்தத்தைக் குறைக்கும் பலன் கெடலாம்.

இன்னொன்று சுத்தம். லட்டிஸ் மருந்தோடு ஒவ்வோர் இமைக்கும் ஒருமுறை மட்டும் பாவித்து எறியும் தனித்தனிப் பிரஷ் தருகிறார்கள். எங்கள் பிள்ளை பாவித்தது பழைய மஸ்காரா பிரஷ். அதைத் தோய்த்த அதே போத்தலிலிருந்துதான் உம்மாவின் கண்ணுக்கும் துளி போனது. 2023 இல் குஜராத்தில் தயாரான ஒரு பிரெட்னிசலோன் துளி மருந்தால் எங்கள் நாட்டு ஆஸ்பத்திரிகளில் சத்திரசிகிச்சை செய்தவர்களின் பார்வை பாதிக்கப்பட்டதை நாங்கள் மறக்கவில்லை. அதே ஆண்டில், சென்னைக்கு அருகே தயாரான செயற்கைக் கண்ணீர்த் துளியிலிருந்து கிருமி தொற்றி அமெரிக்காவில் சிலர் பார்வையையும் சிலர் உயிரையும் இழந்தார்கள். கண்ணுக்குள் போகும் போத்தலில் கிருமி சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வேறு உதாரணம் தேவையில்லை.

'சீரம்' என்ற பெயருக்குள்

இன்று பேஸ்புக்கிலும் அழகுசாதனக் கடைகளிலும் இமைமயிர் சீரம் என்று விற்பவை பல. அவற்றை இரண்டாகப் பிரிக்கலாம். ஒரு வகையில் விற்றமின், பெப்டைட், எண்ணெய் முதலியவை இருக்கும். இவை மயிரை மெருகூட்டலாம், முறியாமல் காக்கலாம். பிமட்டோபுரொஸ்டுக்கு இருப்பது போன்ற வளர்ச்சிச் சான்று இவற்றுக்கு இல்லை.

மற்ற வகையில் மேலே சொன்ன மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்த பொருளே ஒளிந்திருக்கும். 2007 நவம்பரில் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில், அழகுப் பொருளென்று விற்ற ஒரு சீரத்தின் 12,682 குழாய்களை அமெரிக்க அதிகாரிகள் கைப்பற்றினார்கள். உள்ளே பிமட்டோபுரொஸ்ட் இருந்தது. இப்போது ஐசோபுரொபில் குளோபுரொஸ்டெனேட் போன்ற உறவுப் பொருட்களைச் சேர்க்கிறார்கள். இவற்றைக் கண்ணருகே பூசும் அழகுப் பொருட்களில் சேர்ப்பது பற்றி ஐரோப்பிய ஒன்றியத்தின் நுகர்வோர் பாதுகாப்பு அறிவியற் குழு 2022 இல் கவலை தெரிவித்தது.

வாசகர்கள் நினைவில் வைக்க ஒரு சின்ன வழி: போத்தலின் பின்பக்கத்துப் பட்டியலில் ஏதாவது ஒரு பெயருக்கு நடுவிலோ கடைசியிலோ 'புரொஸ்ட்' என்ற ஓசை வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அது அழகுப் பொருள் அல்ல, மருந்து. மருந்தென்றால் மருத்துவர் வேண்டும். பட்டியலே இல்லாவிட்டால் வாங்கவே வேண்டாம்.

ஆமணக்கெண்ணெய்

எங்கள் மூத்தவர்களின் கைவைத்தியம் ஆமணக்கெண்ணெய். அதில் தவறான நோக்கம் இல்லை. தடிப்பான எண்ணெய் மயிரில் ஒட்டி, அதைக் கறுப்பாகவும் தடிப்பாகவும் காட்டும். அதனால் புதிய மயிர் முளைக்கும் என்பதற்கு ஒழுங்கான ஒப்பீட்டுப் பரிசோதனைச் சான்று இல்லை. கடையில் அளந்து வாங்கும் எண்ணெய் கண்ணுக்கென்று கிருமி நீக்கியதுமல்ல. கண்ணில் பட்டால் பார்வை மங்கும், சிலருக்கு அரிக்கும்.

தலைமயிர்ச் சாயத்தை இமைக்குப் பூசுவதோ பெரிய ஆபத்து. 1933 இல் அமெரிக்காவில் 'லாஷ் லூர்' என்ற இமைச்சாயத்தால் பெண்கள் பார்வை இழந்தார்கள். அதைத் தடுக்க அன்று சட்டமே இருக்கவில்லை. 1938 இல் அங்கே வந்த சட்டத்துக்கு அந்த விபத்தும் ஒரு காரணம். அதில் இருந்த பாரா ஃபெனிலீன் டைஅமீன்தான் இன்று 'கறுப்பு மருதோன்றி' என்று பெருநாளுக்கு விற்பதிலும் கலக்கப்படுகிறது.

இஸ்மிதும் கடைச் சுர்மாவும்

இனி உம்மாவின் சுர்மாவுக்கு வருவோம். சுர்மாக்களில் சிறந்தது இஸ்மித் என்றும், அது பார்வையைத் தெளிவாக்கி மயிரை முளைக்கச் செய்யும் என்றும் நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் வழியாக அபூதாவூத், திர்மிதி, இப்னு மாஜா ஆகிய கிரந்தங்களில் பதிவாகியிருக்கிறது. எங்கள் வீடுகளில் சுர்மாக் குப்பிக்கு இருக்கும் மரியாதை அதிலிருந்து வந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டபோது உம்மும்மா விட்டுவந்த பொருட்களைச் சொல்லி அழும்போதெல்லாம், அந்தப் பட்டியலில் ஒரு பித்தளைச் சுர்மாக் குப்பியும் இருக்கும்.

ஹதீஸ் குறிப்பிடுவது இஸ்மித் என்ற ஒரு கல்லை. பொதுவாக அதை அன்ரிமனி சல்பைட் என்கிறார்கள். எங்கள் சித்த வைத்தியத்தில் அஞ்சனக்கல். கறுப்புத் தூள் எல்லாவற்றையும் ஹதீஸ் குறிப்பிடவில்லை. கடையில் சுர்மா என்றும் இஸ்மித் என்றும் விற்பவை பலவற்றை அரபு நாடுகளிலும் தெற்காசியாவிலும் வாங்கி ஆய்ந்தபோது, முக்கியப் பொருளாக இருந்தது கலீனா எனப்படும் ஈய சல்பைட். அதுவும் கறுப்பு, அதுவும் மினுங்கும். அரைத்துக் குப்பியில் அடைத்தால் கண்ணால் பார்த்துப் பிரித்தறிய முடியாது. சுத்தமான கலீனாவின் எடையில் 86 சதவீதத்துக்கும் மேல் ஈயம்.

ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தை கண்ணைக் கசக்கி, அதே விரலை வாயில் வைக்கும். ஈயம் வயிற்றுக்குள் போய் இரத்தத்தில் கலந்து மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். தாயின் இரத்தத்திலிருந்து கருவிலுள்ள பிள்ளைக்கும் போகும். 2011 இல் அமெரிக்காவின் பொஸ்டனில் ஆறு மாதக் குழந்தை ஒன்றின் இரத்தத்தில் டெசிலீற்றருக்கு 13 மைக்ரோகிராம் ஈயம் கண்டார்கள். அங்கே அப்போது கவலைக்குரிய எல்லை 10. நைஜீரியாவிலிருந்து கொண்டுவந்த 'டீரோ' என்ற கண்மையைப் பெற்றோர் குழந்தையின் இமைக்குப் பூசியிருந்தார்கள். அந்த மையில் 82.6 சதவீதம் ஈயம். பிள்ளையின் கண் அழகாகும், பார்வை நன்றாகும் என்ற அதே நல்ல எண்ணம்.

வள்ளுவரின் காமத்துப்பாலில் ஒரு தலைவி, மை தீட்டும் நேரத்தில் கண் கோலைக் காணாதது போல, கணவன் முன்னே வந்தால் அவன் குற்றம் தன் கண்ணில் படுவதில்லை என்கிறாள். சுன்னத்தின் மீதுள்ள அன்பால் கடைக்காரர் அடைத்த தூளின் குற்றத்தை நாங்களும் காணாமல் விடுகிறோம். தூளைப் பரிசோதிக்கக் கேட்பது ஹதீஸைச் சந்தேகிப்பதாகாது. இஸ்மித் என்ற பெயரை ஒட்டி ஈயத்தை விற்பவரைச் சந்தேகிப்பது அது. வைத்தியம் தெரியாமல் வைத்தியம் பார்ப்பவர் விளைவுக்குப் பொறுப்பாளி என்று எச்சரித்ததும் அதே நபி (ஸல்) அவர்கள்தானே. மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. அதை உலமாக்களிடம் கேளுங்கள். குப்பிக்குள் இருப்பது என்ன என்று ஆய்வுகூடத்திடம் கேளுங்கள்.

செய்யக் கூடியவை

இமைமயிர் திடீரென உதிர்ந்தால், முதலில் வளர்க்கும் மருந்தைத் தேடாதீர்கள், காரணத்தைத் தேடுங்கள். இமையோர அழற்சி, தைரொயிட் நோய், அலோபீசியா, தொழுநோய், இமையில் வரும் கட்டி, சில பிள்ளைகளில் மயிரைத் தாமே பிடுங்கும் பழக்கம் என்று பல காரணங்கள் உண்டு. கண் கிளினிக்கில் அல்லது தோல் கிளினிக்கில் காட்டுங்கள்.

மருத்துவர் பிமட்டோபுரொஸ்ட் எழுதினால், தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையில் பதிவான மருந்தைப் பாமஸியில் வாங்குங்கள். மேலிமை ஓரத்துக்கு மட்டும் பூசுங்கள். கீழிமைக்கு வேண்டாம். கொன்ரக்ட் லென்ஸ் இருந்தால் முதலில் கழற்றுங்கள்.

கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும், ஈயம் இல்லை என்று உறுதியாகாத சுர்மாவை இடாதீர்கள். ஏற்கெனவே இட்டு வந்த குழந்தையானால் மருத்துவரிடம் சொல்லி இரத்தத்தில் ஈய அளவு பார்க்கக் கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவரின் கண் மருந்தில் இன்னொருவர் கைவைக்கக் கூடாது. குளோக்கோமாவில் போன பார்வை திரும்பி வராது. ஒவ்வொரு துளிக்கும் கணக்கு உண்டு.

உம்மாவின் கண் அழுத்தம் இப்போது கட்டுக்குள் இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். சுர்மாக் குப்பி அலுமாரியில் மூடியபடி இருக்கிறது. அதை எறிய உம்மாவுக்கு மனம் வரவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. ராத்தாவின் மகள் தன் சொந்த இமையோடுதான் மணவறைக்குப் போனாள். இப்போது ஒவ்வோர் இரவும் இஷாவுக்குப் பிறகு போன் எடுத்துக் கேட்பாள்: "உம்மும்மா, துளி விட்டீங்களா?"